எடை ஒன்று, ஆள் வேறு

2008-இல் சென்னைப் புறநகரில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்பது எனக்கு வெறும் பரீட்சைக் கேள்வி. எம்.எஸ்ஸி.யில் மெக்லாஃபர்ட்டி மறுசீரமைப்பை அம்புக்குறி போட்டு வரைந்து மதிப்பெண் வாங்கியிருந்தேன். கருவியைக் கண்ணால் பார்த்ததில்லை. பாடப்புத்தகத்துப் படத்தில் பெரிய காந்தமும் அதற்குள் வளைந்து போகும் குழாயும் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் இருந்தது மேசை மேல் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. மேசைக்கு அடியில் எண்ணெய் மணக்கும் வேக்கம் பம்புகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன.

“காந்தம் எங்க சார்?” என்று கேட்டேன்.

சீனியர் சிரித்தார். “காந்தமெல்லாம் உன் புத்தகத்துல இருக்கும்மா. இங்க நாலு கம்பிதான்.”

அந்த நாலு கம்பிகளுக்குக் குவாட்ரபோல் என்று பெயர். ஜெர்மனியின் வுல்ஃப்காங் பால் 1950களில் உருவாக்கிய ஏற்பாடு அது. அதன் தொடர்ச்சியாக அவர் செய்த அயனிப் பொறிக்காக 1989-இல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகள் கம்பிகளுக்கு நடுவே பறந்து வரும். கம்பிகளில் ஓடும் மின்னழுத்தத்தைச் சரியாக வைத்தால், நாம் கேட்ட எடைக்காரர் மட்டும் தள்ளாடித் தள்ளாடி மறுமுனைக்குப் போய்ச் சேருவார். மற்றவர்கள் வழியிலேயே கம்பியில் மோதி ஒழிந்துபோவார்கள்.

எங்கள் கருவியில் இப்படி மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் கொழுப்பு குறைக்கும் அட்டர்வாஸ்டாட்டின் வேண்டுமென்றால் 559 என்று கேட்போம். இரண்டாவது கட்டத்தில் கொஞ்சம் வாயு இருக்கும்; அதில் மோதி மூலக்கூறு உடையும். மூன்றாவதில் உடைந்த துண்டுகளில் 440 எடையுள்ளதை மட்டும் விடுவோம். சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் என்றால் 130, உடைந்தால் 71. சிற்றுண்டிச் சாலையில்கூட “இன்னிக்கு ஐந்நூத்தம்பத்தொன்பது ஓடுதா?” என்றுதான் பேசிக்கொள்வோம். மருந்தின் பெயரை யாரும் சொல்வதில்லை.

எதற்கு உடைக்க வேண்டும், முழு எடையே போதாதா என்று முதல் வாரத்திலேயே கேட்டேன். சீனியர் சொன்ன பதில்தான் பிற்பாடு நான் பார்த்த எல்லா வேலைக்கும் முதல் பாடம். “ரத்தத்துல 559 எடையில ஆயிரம் பேர் இருப்பாங்க. எடைய மட்டும் பாத்து ஆள நம்பாத. உடைச்சுப் பாரு. உடைஞ்சாத்தான் யாருன்னு தெரியும்.”

ஆயிரம் பேர் என்பது அவருடைய மிகை. ஆனால் விஷயம் சரி.

எங்கள் வேலை பயோஈக்விவலன்ஸ். ஒரு மருந்தின் காப்புரிமை முடிந்ததும் வேறு நிறுவனங்கள் அதே மருந்தைக் குறைந்த விலைக்குச் செய்கின்றன. அந்த மாத்திரை மூல மாத்திரையைப் போலவே ரத்தத்தில் ஏறி இறங்குகிறது என்று காட்டினால்தான் விற்க அனுமதி. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு இரண்டு மாத்திரைகளையும் இடைவெளி விட்டுக் கொடுப்பார்கள். மணிக்கணக்கு வைத்து ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த பிளாஸ்மா, மஞ்சள் நிறத்தில், மைனஸ் 70 டிகிரி ஃப்ரீசரில் எங்களிடம் வந்து சேரும். குழாயின் மேல் ஒரு எண் மட்டும் இருக்கும். அது யாருடைய ரத்தம், எந்த ஊர்க்காரர், பங்கேற்றதற்கான பணத்தை எதற்காக வாங்கினார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. சில இரவுகளில் குழாய்களை உருக வைத்துக்கொண்டிருக்கும்போது அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவரை நினைத்ததுண்டு. கடைசியில் இரண்டு மாத்திரைகளின் சராசரி விகிதத்துக்கான 90 சதவீத நம்பக வரம்பு 80-க்கும் 125-க்கும் நடுவே அடங்க வேண்டும். மருந்துக்கடையில் ஒரு பிராண்ட் இல்லையென்று வேறொன்றைக் கொடுக்கும்போது நாம் நம்பி வாங்குவதற்குப் பின்னால் இந்த இரண்டு எண்கள் நிற்கின்றன.

அட்டர்வாஸ்டாட்டின் லேசுப்பட்ட ஆள் இல்லை. உடம்புக்குள் அது அமிலமாகவும் இருக்கும், லாக்டோன் என்ற இன்னொரு வடிவமாகவும் இருக்கும். அறை வெப்பத்தில் குழாயை மேசையில் வைத்துவிட்டுப் போனால் இது அதுவாகும், அது இதுவாகும். நாம் அளப்பது தன்னார்வலரின் ரத்தத்தில் இருந்ததையா, நம் மேசையில் உண்டானதையா என்று தெரியாமல் போய்விடும். அதனால் எல்லாம் ஐஸ் தட்டில்தான். விரல் மரத்துப்போகும். ஏற்கெனவே ஏசி குளிர். எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் நிற்போம். சென்னை வெயிலிலிருந்து ஸ்வெட்டரோடு உள்ளே நுழைபவர்களை வாசல் காவலாளி அண்ணன் வேடிக்கையாகப் பார்ப்பார்.

இதைவிடப் பெரிய தலைவலி பிளாஸ்மாவிலேயே இருந்தது. மூலக்கூறு மின்னூட்டம் பெற்றால்தான் அது கருவியின் கண்ணில் படும். மின்தெளிப்பு ஊசியின் முனையில் அந்த மின்னூட்டத்தை வாங்கிக்கொள்ள எல்லோருக்கும் போட்டி. ரத்தத்தில் இருக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புகள், கல்யாணப் பந்தியில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் உறவுக்கூட்டம் மாதிரி, முதலிலேயே வரிசை முழுக்க உட்கார்ந்துவிடும். மருந்து வாசலில் நிற்கும். கருவி மருந்து குறைவு என்று எண் காட்டும். ரத்தத்தில் மருந்து இருந்தது, பார்க்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு இருக்கும் மருந்து அழகானது. அட்டர்வாஸ்டாட்டினின் ஐந்து ஹைட்ரஜன்களுக்குப் பதிலாக டியூட்டீரியம் வைத்துச் செய்த ஓர் உடன்பிறப்பை, எல்லாக் குழாய்களிலும் ஒரே அளவில் முதலிலேயே கலந்துவிடுவோம். அதன் எடை 564, துண்டு 445. குணத்தில் இரண்டும் ஒன்று. பந்தியில் இடம் கிடைக்காவிட்டால் இரண்டுக்கும் சேர்ந்தே கிடைக்காது. ஆகவே இரண்டின் விகிதம் கெடாது. எடையில் மட்டும் ஐந்து கூடுதல் என்பதால் கருவி பிரித்துக்கொள்ளும். இருபது வருடங்களுக்குப் பக்கமாக இந்தத் துறையில் இருக்கிறேன். இதைவிட நேர்த்தியான ஓர் ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

சேர்ந்த காலத்தில் இன்னொரு வேடிக்கை நடந்தது. அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் இல்லாமல் எங்கள் கருவி நகராது. அது திடீரென்று சந்தையில் கிடைக்கவில்லை. பாட்டில் விலை தாறுமாறாக ஏறியது. அசிட்டோநைட்ரைலைத் தனியாக யாரும் பெரிய அளவில் தயாரிப்பதில்லை. அக்ரிலோநைட்ரைல் செய்யும்போது கிடைக்கும் உபபொருள் அது. அக்ரிலோநைட்ரைல் போவது கார் பாகங்களுக்கான பிளாஸ்டிக்குக்கும் அக்ரிலிக் நூலுக்கும். 2008 பொருளாதாரச் சரிவில் கார் விற்பனை படுத்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காகச் சீன ஆலைகள் சிலவற்றை மூடினார்கள். அமெரிக்காவில் புயல் ஓர் ஆலையை நிறுத்தியது. டெட்ராய்ட்டில் கார் விற்காததால் சென்னையில் நாங்கள் கரைப்பானைச் சொட்டுக் கணக்கில் செலவழித்தோம். மெத்தனாலுக்கு மாறலாமா என்று கூட்டம் போட்டுப் பேசினோம். சரிபார்த்து முடித்த முறையில் கரைப்பானை மாற்றினால் சரிபார்ப்பை முதலிலிருந்து செய்ய வேண்டும். கூட்டம் அதோடு கலைந்தது.

வெளிநாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர்கள் வரும் வாரங்களில் கூடம் முழுக்க ஒரு கல்யாண வீட்டுப் பரபரப்பு இருக்கும், சிரிப்பு மட்டும் இருக்காது. ஒருமுறை வந்தவர் பெரிய கேள்வி எதுவும் கேட்கவில்லை. திரையில் மருந்தின் அளவைக் காட்டும் மேடு போன்ற ஒரு பீக்கைக் காட்டி, “இதன் அடிக்கோட்டை மென்பொருள் போட்டதா, நீங்கள் கையால் போட்டீர்களா?” என்று கேட்டார். கையால் போட்டது. ஏன், யார், எப்போது, மாற்றுவதற்கு முன் எண் என்ன என்று ஒவ்வொன்றாகப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பார்த்தார். அரை நாள் அந்த ஒரு பீக்கிலேயே போயிற்று. எங்களுக்குள் எரிச்சல். இப்போது யோசித்தால் அவர் சரியான இடத்தில்தான் கை வைத்தார். பீக்கின் அடிக்கோட்டைக் கொஞ்சம் ஏற்றினால் ரத்தத்தில் மருந்து குறையும். மவுசை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி ஒரு மாத்திரையைத் தேற வைக்கவும் முடியும், தோற்கடிக்கவும் முடியும்.

சில வருடங்கள் கழித்துப் பெங்களூரில் புரதங்களை ஆராயும் ஒரு கூடத்துக்கு மாறினேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே மேடம் மறித்தார். “அதக் கழட்டிட்டு வாங்க. உள்ள ஆட்டுக்கு அனுமதி இல்ல.”

கம்பளி என்பது ஆட்டின் கெரட்டின் புரதம். நம் தோல், முடி, நகம் எல்லாமும் கெரட்டின்தான். புரத ஆய்வில் மாதிரியை டிரிப்சின் என்ற நொதியால் வெட்டுவோம். லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கு அடுத்து மட்டும் அது வெட்டும். துண்டுகளின் எடைப் பட்டியலைப் பார்த்து எந்தப் புரதம் என்று சொல்லலாம். காற்றில் பறக்கும் ஒரு தோல் செதில் குழாயில் விழுந்தால் பட்டியலில் முதலில் வருவது ஆய்வாளரே. டிரிப்சின் தன்னையே வெட்டிக்கொள்ளும் பழக்கமும் உடையது; 842.5, 2211.1 என்று அதன் சொந்தத் துண்டுகள் எந்த மாதிரியிலும் தலைகாட்டும். புதிதாக வருபவர்கள் அந்தப் பீக்கைப் பார்த்து எதையோ கண்டுபிடித்த பூரிப்பில் ஓடிவருவார்கள். பழையவர்கள் அந்தப் பீக்கை அளவுகோலாகப் பயன்படுத்திக் கருவியைச் சரிசெய்துகொள்வார்கள்.

மருந்து மூலக்கூறு சின்னது. பறக்க வைப்பது சுலபம். புரதம் அதனிலும் நூறு மடங்கு, முந்நூறு மடங்கு கனம். சூடாக்கினால் ஆவியாகாது, கருகும். நெடுங்காலம் புரதத்தை இந்தக் கருவிக்குள் செலுத்த முடியாமலே இருந்தது. வழி திறந்தவர்களில் இருவருக்கு 2002-இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. ஒருவர் ஜான் ஃபென். யேல் பல்கலைக்கழகத்தில், ஓய்வுபெறும் வயதைத் தாண்டிய பிறகு, மின்தெளிப்பால் புரதங்களைப் பறக்க வைத்தார். நோபல் வாங்கியபோது அவருக்கு 85. தன் நோபல் உரைக்கு மூலக்கூறு யானைகளுக்குச் சிறகு என்ற பொருளில் தலைப்பு வைத்தார். இன்னொருவர் ஜப்பானின் கொய்ச்சி தனாகா. ஷிமாட்சு நிறுவனத்தில் பொறியாளர், முனைவர் பட்டம் இல்லாதவர். 1985-இல் கோபால்ட் நுண்தூளில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். விலை உயர்ந்த தூளாயிற்றே, கொட்ட மனமில்லாமல் அதையே லேசருக்கு முன் வைத்துப் பார்த்தார். பெரிய மூலக்கூறு உடையாமல் எழும்பியது. எங்கள் கூடத்தில் எதையாவது வீணாக்கிவிட்டால் “தனாகா வேலை” என்று கேலி செய்வோம். அவர் கொட்டாமல் வைத்தார், நாம் கொட்டிவிடுகிறோம் என்று மேடம் திருப்பிச் சொல்வார்.

மின்தெளிப்பில் ஒரு புரதம் பல மின்னூட்டங்களைச் சுமந்து வரும். கருவி பார்ப்பது எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணை. ஆகவே 5808 எடையுள்ள இன்சுலின் 1453, 1163, 969 என்று வரிசையாகப் பல இடங்களில் தெரியும். நாலு, ஐந்து, ஆறு மின்னூட்டம் சுமந்த ஒரே ஆள். இதைத் திரும்பக் கூட்டிப் பெருக்கி உண்மையான எடைக்கு வருவது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தரும் முதல் பயிற்சி.

இரண்டாவது பயிற்சி இன்னும் நினைவிருக்கிறது. மேடம் பெயர் ஒட்டாத இரண்டு குப்பிகளைக் கொடுத்து, எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். இரண்டுமே 5808. கருவியைத் துடைத்து, மறுபடி அளவீடு சரிபார்த்து ஓட்டினேன். மறுபடியும் 5808. ஒரே சரக்கை இரண்டாகப் பிரித்து விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒன்று மனித இன்சுலின். இன்னொன்று லிஸ்ப்ரோ, 1996 முதல் சந்தையில் இருக்கும் வேகமான இன்சுலின். மனித இன்சுலினின் பி சங்கிலியில் 28-ஆம் இடத்தில் புரோலின், 29-இல் லைசின். லிஸ்ப்ரோவில் இந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு அணுகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் மூலக்கூறுகள் ஆறு ஆறாக ஒட்டிக்கொள்ளும் குணம் தளர்ந்து, ஊசி போட்ட இடத்திலிருந்து சீக்கிரம் ரத்தத்துக்குப் போகிறது. சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்பே ஊசி போட்டுக் காத்திருந்தவர்கள், சாப்பாட்டுத் தட்டு வந்த பிறகு போட்டுக்கொள்ள முடிந்தது இந்த இடமாற்றத்தால்தான்.

உடைத்தபோதுதான் தெரிந்தது. லிஸ்ப்ரோவின் வால் நுனியில் புரோலினும் திரியோனினும் சேர்ந்த துண்டு 217-இல் வந்து நின்றது. மனித இன்சுலினின் நுனியில் அந்த இடத்தில் இருப்பது லைசினும் திரியோனினும், எடை 248. விளையாட்டு வீரர்கள் இன்சுலினை ஊக்கமருந்தாகப் போட்டுக்கொள்வதைப் பிடிக்கும் கூடங்களும் இந்த 217-ஐத்தான் தேடுகின்றன. உடம்பு தானே சுரக்கும் இன்சுலினில் அந்தத் துண்டு வராது. சென்னை சீனியர் சொன்னதை அன்றைக்குப் பெங்களூரில் வைத்து முழுசாகப் புரிந்துகொண்டேன்.

பிறகு 2018 ஜூலை வந்தது. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் வால்சார்ட்டானில் என்டிஎம்ஏ என்ற நைட்ரோசமைன் இருப்பது தெரிந்து, நாடு நாடாக மாத்திரைகளைத் திரும்பப் பெற்றார்கள். விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. தயாரிப்பு முறையில் செய்த ஒரு மாற்றத்தில், டிஎம்எஃப் என்ற கரைப்பானிலிருந்து வந்த அமைனும் சோடியம் நைட்ரைட்டும் சந்தித்து உண்டான அசுத்தம். ஒரு நாளைக்கு 96 நானோகிராம் வரை ஏற்கலாம் என்று அளவு வைத்தார்கள். எழுபது வருடம் தினமும் அவ்வளவு உள்ளே போனால் லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்ற கணக்கு அது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதுவரை புரதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கருவிகளையும் சேர்த்து எல்லாக் கூடங்களும் மாத்திரை பக்கம் திருப்பின. நானும் சின்ன மூலக்கூறுகளிடம் திரும்பி வந்தேன்.

2019-இல் நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் ரானிடிடின் சிக்கியது. அமெரிக்காவில் ஒரு தனியார் கூடம் ஒவ்வொரு மாத்திரையிலும் பயங்கரமான அளவு என்டிஎம்ஏ என்று அறிவித்தது. அவர்கள் பயன்படுத்திய முறையில் மாதிரியை 130 டிகிரி வரை சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் ரானிடிடின் தானே உடைந்து என்டிஎம்ஏவை உண்டாக்கும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்லி, சூடாக்காத திரவ முறையைக் கொடுத்தது. ஐஸ் தட்டு எனக்கு நினைவு வந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. சரியான முறையில் அளந்தபோது எண்கள் மிகவும் இறங்கின; இருந்தும் மாத்திரையைக் கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தாலே நாளாக ஆக என்டிஎம்ஏ ஏறுவது தெரிந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையிலிருந்து மொத்த ரானிடிடினையும் எடுக்கச் சொன்னார்கள். தப்பான முறையில் தொடங்கிய ஆய்வு சரியான முடிவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம். அதற்காக அந்த முறைக்குப் பாராட்டு கொடுக்க எனக்கு மனமில்லை.

அடுத்து மெட்ஃபார்மின். 2020 மார்ச்சில் 38 மாதிரிகளில் 16-இல் அளவு மீறிய என்டிஎம்ஏ என்று செய்தி. விருதுநகரிலிருந்து அம்மா போன் செய்தார். “ஏம்மா, நான் போடுற சக்கரை மாத்திரையில கேன்சர் இருக்காம்ல? டிவில சொல்றான். நிறுத்திரவா?”

“நிறுத்தாதீங்கம்மா. டாக்டர்ட்ட கேளுங்க. நான் அதத்தான் பாத்துட்டு இருக்கேன்.”

எஃப்டிஏ அதே 38 மாதிரிகளை வாங்கி மறுபடி அளந்தது. வரம்பை மீறியவை 8. பாதிக்குப் பாதி எங்கே போனது? டிஎம்எஃப்பிடம் போனது. மின்னூட்டம் பெற்ற என்டிஎம்ஏவின் எடை 75.0553. டிஎம்எஃப்பின் எடை 74.06. ஆனால் இயற்கையில் எப்போதும் கொஞ்சம் கனமான நைட்ரஜனும் கனமான கார்பனும் கலந்திருக்கும். அவை அமைந்த டிஎம்எஃப் 75.0571-லும் 75.0634-லும் வந்து நிற்கும். கருவியை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கச் சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால், கரைப்பானின் மிச்சம் புற்றுநோய்ப் பொருளாக எண்ணப்படும். இரண்டையும் கருவிக்கு முன்னால் இருக்கும் பிரிப்புக் குழலில் முதலிலேயே தனித்தனி நேரத்தில் வெளிவர வைத்து, எடையின் மூன்றாவது தசமத்தை இறுக்கிப் பிடித்தால் குழப்பம் தீர்ந்துவிடும். இது தெரிந்த பிறகு எங்கள் கூடத்தில் என்டிஎம்ஏ ஓட்டும் ஒவ்வொரு தொகுப்பிலும் டிஎம்எஃப் மட்டும் கலந்த ஒரு குப்பியையும் சேர்த்து வைக்கத் தொடங்கினோம்.

எட்டு மாதிரிகளில் வரம்பு மீறியிருந்தது உண்மை. அந்த வருடமே சில நிறுவனங்களின் நீள்நேர மெட்ஃபார்மின் மாத்திரைகளை அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். ஆனால் டிவி சொன்ன 16-ஐ நம்பி எத்தனை பேர் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள் என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. மருந்தில் நஞ்சு என்று செய்தி வந்தால் எவ்வளவு, எந்த முறையில் அளந்தார்கள், இன்னொரு கூடம் சரிபார்த்ததா என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும்வரை மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் விடுங்கள்.

அம்மாவின் மருத்துவர் மெட்ஃபார்மினைத் தொடரச் சொன்னார். நெஞ்செரிச்சலுக்கு அம்மா பல வருடங்களாகப் போட்டுக்கொண்டிருந்த ரானிடிடினை மாற்றி எழுதிக் கொடுத்தார். 2022 செப்டம்பரில் ரானிடிடின் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது.